அறுபத்திரண்டு சட்டி மல்லி

எங்கள் உப்போடைப்பட்டியில் மண் பேசியது என்று வெளியூர்க்காரர்கள் சொல்லித் திரிகிறார்கள். பேசவெல்லாம் இல்லை. காட்டியது, அவ்வளவுதான், அதுவும் வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை, அம்மன் கொடையன்று காலையில், அறுபத்திரண்டு வீட்டுப் பெண்களும் தலைக்குக் குளித்து வந்து முளைப்பாரி வீட்டுக் கதவைத் திறக்கிற நேரத்தில், அவரவர் சட்டியில்.

ஊரின் கிழக்கே கரிசல், மேற்கே செவல், ஓடையை ஒட்டி வெள்ளை பூத்துக் கிடக்கும் உவர் நிலம் என்று ஒருவாய் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் மூன்று மண்ணைத் தாண்டிவிடலாம். அதனால்தானோ என்னவோ, மற்ற ஊர்களில் முளைப்பாரிக்குக் கிடைத்த மண்ணை அள்ளிப் போடுவார்கள் என்றால், எங்கள் ஊரில் மட்டும் காப்புக் கட்டுகிற செவ்வாய்க்கிழமையன்று அவரவர் நிலத்து மண்ணைத்தான் எடுத்து வரவேண்டும், "ஆத்தா, இது என் நிலத்து மண்ணு" என்று மூன்று தரம் சொல்லித்தான் சட்டியில் போடவேண்டும், அதன் மேல் கம்பு, சோளம், வரகு, குதிரைவாலி, உளுந்து, பாசி, துவரை, எள், கொத்தமல்லி என்று ஒன்பதையும் கலந்து தூவி, இருட்டறையில் வைத்து, ஒன்பது நாள் தண்ணீர் தெளித்து, பத்தாம் நாள் தலையில் சுமந்து போய்க் கண்மாயில் கரைக்கவேண்டும். ஆம்பிளைகள் அந்த வாசலை மிதிக்கக்கூடாது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கொடையில் கதவைத் திறந்தோம், சட்டிகளில் வெளிறிய முளைகளைக் காணவில்லை. ஒவ்வொரு சட்டியிலும் ஒரே ஒரு பயிர், ஆளுயரத்துக்குக் கம்போ, காய் முற்றிய உளுந்தோ, தலை சாய்ந்த வரகோ, அறுப்புக்குத் தயாராக நின்றது, மற்ற எட்டு விதையும் போட்டபடி தூங்கிக்கொண்டிருந்தன. யாருக்கும் மயக்கம் வரவில்லை, யாருக்கும் அருள் வரவில்லை. முதலில் வந்த கவலை, இவ்வளவு உயரத்தைத் தலையில் தூக்கினால் கதிர் கரண்டு கம்பியில் இடிக்குமே என்பதுதான். ஒயர்மேனுக்கு ஆள் அனுப்பினோம், அவர் ஒரு மணி நேரம் கரண்டை நிறுத்திவிட்டுப் பதிவேட்டில் பராமரிப்புப் பணி என்று எழுதிக்கொண்டார். அதிலிருந்து வருஷா வருஷம் கொடையன்று நான்கு மணிக்குப் பராமரிப்புப் பணி.

சட்டியில் வந்ததை விதைத்தவர்களுக்கு அந்த வருஷம் களம் கொள்ளாத விளைச்சல். கோயில் தர்மகர்த்தா வீரபுத்திரன் அண்ணாச்சிக்கு மட்டும், தன் வீட்டுச் சட்டியில் வரகு வந்தது கௌரவக் குறைச்சலாகப் போய்விட்டது. "நான் என்ன வரகுச் சோத்துக்கா பிறந்தேன்?" என்று செவலில் பருத்தி போட்டார், ஒரு காய்கூட வெடிக்கவில்லை. அப்புறம் ஊரில் சட்டியை மீறி விதைக்கிற துணிச்சல் ஒருவருக்கும் வரவில்லை. பெண் கேட்டு வருகிறவர்கள் மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று சொல்லுமுன் பெண் வீட்டார், "சட்டியில என்ன வந்துச்சு?" என்று கேட்டார்கள். மண் வள அட்டை கொடுக்க வந்த வேளாண்மை ஆபீஸ் ஷர்மிளா மேடம் எங்கள் சட்டிகளையும் தன் அட்டைகளையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துவிட்டு, "எங்க லேப்ல ரெண்டு மாசம் ஆகுது, உங்க ஆத்தா ஒம்போது நாள்ல குடுத்துடறாங்களே" என்று சிரித்தார், அடுத்த கொடைக்குத் தான் வாங்கிப்போட்ட வீட்டு மனையிலிருந்து ஒரு பை மண் கொண்டுவந்தார், அந்தச் சட்டியில் ஒன்பது விதையும் தூங்க நெருஞ்சி மட்டும் படர்ந்திருந்தது, அதற்கும் சிரித்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

என் பெயர் பேச்சித்தாய். எனக்கு இருந்தது அரைக் குறுக்கம், சின்னத் துண்டு நிலம். வேறு நிலம் கிடையாது. கரிசலும் செவலும் ஒன்றோடொன்று கலக்கிற இடத்தில், அடியில் சுண்ணாம்புக் கல்லும் மேலே ஒரு சாண் மண்ணுமாகக் கிடந்த அந்தத் துண்டை யாரும் சீண்டாமல் விட்டதால்தான் என் அப்பாவால் வாங்க முடிந்தது. அப்பா ஊர் ஊராகப் போன வளையல் வியாபாரி. வழியில் உடைந்த வளையல்களை வீட்டில் போட்டால் காலில் குத்தும் என்று நிலத்து மூலையில் கொட்டுவார், வருஷக்கணக்காக ஏர் அதை இழுத்து இழுத்து நிலம் முழுக்கப் பரப்பிவிட்டது. பச்சை, சிவப்பு, தங்கப்பொடி போட்ட நீலம் என்று என் மண்ணில் எங்கே கை வைத்தாலும் ஒரு துண்டு கண்ணாடி மின்னும். களை எடுக்கும்போது விரலைக் கீறும். எனக்கு அது அப்பா இன்னும் அங்கே இருக்கிற மாதிரி.

என் சட்டியில் நான்கு வருஷமும் மல்லிதான் வந்தது. மல்லி வேறு யாருக்கும் வரவில்லை. வீட்டுக்காரர் திருச்சூரில் பேக்கரி வேலையில் இருக்க, நானும் பக்கத்து நிலத்து ஆவுடையும் மாற்றி மாற்றி ஒருத்தி நிலத்தில் ஒருத்தி வேலை செய்து, ஒரே தூக்குவாளியில் கஞ்சி குடித்துக் காலம் தள்ளினோம். அவள் நிலம் சுத்தக் கரிசல், அவளுக்கு உளுந்து. அவள் எனக்கு ஏழு வயதிலிருந்து கூட்டு. என் மகளுக்கு முதல் தொட்டில் கட்டியவள் அவள். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

போன வருஷம் மாசியில் ஒரு மசாலாக் கம்பெனி ஏஜென்ட் என் களத்துக்கு வந்து ஒரு கை மல்லியை எடுத்துக் கசக்கி மோந்தவர், மோந்த கையைக் கீழே இறக்கவே இல்லை. "இந்த வாசம் வேற எங்கயும் கிடையாது. ஆனா அரைக் குறுக்கத்துக்கு லாரி வராது. ஊரே மல்லி போட்டா, களத்துக்கே லாரி அனுப்புறோம், வருஷா வருஷம்" என்றார். அன்றிலிருந்து ஊர் வாயில் வேறு பேச்சில்லை. லாரி எந்த வழியாக வரும், வேப்பமரத்துக் கிளையை வெட்டவேண்டுமா என்பதுவரை பேசி முடித்துவிட்டார்கள். இடிக்கிற விஷயம் ஒன்றே ஒன்றுதான். சட்டி சொல்லாமல் மல்லி விதைக்க யாருக்கும் நெஞ்சில் தைரியம் இல்லை.

காப்புக் கட்டுக்கு இரண்டு நாள் முன்னால் ராஜபாளையத்திலிருந்து போன் வந்தது, மகளுக்கு இரண்டாவது பிரசவம், மாமியார் கையொடிந்து கிடக்கிறாள், ஆளில்லை என்று. நான் ஓடினேன். ஓடுமுன் ஆவுடையிடம், "ஏட்டி, நிலத்தப் பாத்துக்கோ, என் சட்டிக்கும் நீயே மண்ணெடுத்து வச்சிரு" என்றேன்.

"உன் நிலம் வேற, என் நிலம் வேறயாட்டி? பிள்ளையப் போயிப் பாரு" என்றாள்.

கொடையன்று காலையில் பேத்தி பிறந்த இனிப்போடு பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், பஸ் நிறுத்தத்திலேயே மல்லி வாசம். முளைப்பாரி வீட்டுக்குள் போனால் அறுபத்திரண்டு சட்டியிலும் மல்லி, வெள்ளைப் பூவும் பச்சைக் காயுமாக, கூரையைத் தொட்டுக்கொண்டு. சட்டிகளும் அந்த வருஷம் சட்டிகளாக இல்லை, ஏஜென்ட் பார்க்க வருகிறார் என்று அண்டாவும் பிளாஸ்டிக் டிரம்முமாக வைத்திருந்தார்கள், நான்கு பேர் சேர்ந்தால்தான் தூக்கமுடியும். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் கொடுத்ததை ஆத்தா எல்லாருக்கும் கொடுத்துவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பிறகுதான் ஆவுடையின் அண்டாவைத் தூக்கிவிடக் குனிந்தேன். மல்லித் தண்டின் அடியில், பச்சைக் கண்ணாடித் துண்டு ஒன்று மின்னியது.

பக்கத்துச் சட்டியைப் பார்த்தேன், சிவப்பு. அடுத்ததில் தங்கப்பொடி போட்ட நீலம். ஒவ்வொரு சட்டியாகக் கைவிட்டுக் கிளறிக்கொண்டே போனேன், விரலெல்லாம் கீறி ரத்தம் வந்தது, பெண்கள் எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் அப்பாவின் வளையல் இல்லாத சட்டி அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை.

"ஆவுடை, இது யாரு மண்ணு?" என்றேன்.

அவள் முந்தானையைத் திருகினாள். "ஒரே ஒரு கடகப்பெட்டிதான்ட்டி எடுத்தேன். உனக்கு எடுக்கும்போது எனக்கும் சேத்து. ஒரு பெட்டியில என்ன கொறஞ்சிரப் போகுதுன்னு..."

"மூணு தரம் என்ன சொன்ன? ஆத்தா முன்னால என்ன சொல்லிப் போட்ட?"

அவளும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் எடுத்ததைப் பார்த்து இன்னொருத்தி எடுத்திருக்கிறாள், அவளைப் பார்த்து மற்றவர்கள், விடிந்தும் விடியாமல், ஒருவர் எடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது என்ற நினைப்பில். அண்டாவுக்கு ஒரு பெட்டி பற்றாது, பத்துப் பெட்டி. இரண்டு நிலம் இருப்பவர்களுக்கு இரண்டு டிரம். வீரபுத்திரன் அண்ணாச்சி ஒருபடி மேலே போய், சட்டி சொல்வது பொய்யாகிவிடக் கூடாதே என்று டிராக்டரையே விட்டுத் தன் செவலுக்கு நாலு லோடு அடித்துவிட்டார்.

நிலத்துக்கு ஓடினேன். நான்கு விரல் ஆழத்துக்குச் சுரண்டியிருந்தார்கள். டிராக்டர் போக வரப்பை மூன்று இடத்தில் வெட்டியிருந்தார்கள். நடு நிலத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், எதிரிகள் எடுத்திருந்தால் அப்படி அழுதிருக்கமாட்டேன்.

மேளம் நிற்கட்டும் என்று இருந்து அண்ணாச்சியிடம் போனேன். அவர் நெற்றி நிறையத் திருநீறோடு ஏஜென்டுக்கு இலையில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, சட்டி சொன்னது என் மண்ணுக்கு. உங்க மண்ணுக்கு இல்ல. மல்லி போடாதீங்க, அம்புட்டும் நட்டமாப் போவும்" என்றேன். அப்போதும் எனக்கு அவர்கள்மேல் அக்கறை இருந்தது பாருங்கள்.

"ஆத்தா வாக்கு தாயி. நம்ம கையில என்ன இருக்கு?" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன், நடிக்கவில்லை. அதுதான் என்னால் இன்றுவரை தாங்கமுடியாத விஷயம். சட்டியை ஏமாற்றியவர்களே சட்டி சொன்னதை மனசார நம்பினார்கள். ஒன்பது நாள் இருட்டில் இருந்ததில் திருட்டு மண் அவர்களுக்குச் சொந்த மண்ணாகிவிட்டது.

மாலையில் கரண்டு நின்றது, பராமரிப்புப் பணி நடந்தது, அறுபத்திரண்டு மல்லிக்காடும் ஊர்வலமாகப் போய்க் கண்மாயில் கரைந்தது. ஐப்பசியில் முதல் மழை பிடித்தது, வேரில்லாமல் தளர்ந்து கிடந்த என் மிச்ச மண்ணை வெட்டிய வரப்பு வழியாக இழுத்துக்கொண்டு ஓடையில் இறங்கி, ஓடையிலிருந்து அதுவும் கண்மாய்க்கே போய்ச் சேர்ந்தது. வெயில் அடித்தபோது என் அரைக் குறுக்கம் வெறும் சுண்ணாம்புக் கல்லாக வெளுத்துக் கிடந்தது. பேத்தி பேரைச் சொல்லி விதைக்க வைத்திருந்த மல்லியை மடியில் கட்டிக்கொண்டு போனவள் அப்படியே திரும்பி வந்தேன்.

ஊர் முழுக்க மல்லி விதைத்தார்கள். உவர் நிலத்தில் அழுகியது, செவலில் நாலு இலை விட்டுக் கருகியது, ஆவுடையின் கரிசலில் மட்டும் முழங்கால் உயரம் வந்து, பூக்கிற நேரத்தில் தண்ணீர் தேங்கி வாடிச் சாய்ந்தது. அண்ணாச்சி அடித்த நாலு லோடும் முதல் மழையிலேயே செவலோடு ஓடிவிட்டது. வேப்பங்கிளையை வெட்டி வைத்த வழியாக லாரி வந்தது, களத்தை ஒரு சுற்றுச் சுற்றியது, வந்த வழியே போனது. அந்த வருஷம் ஊரில் உளுந்தும் இல்லை, வரகும் இல்லை.

அதற்குப் பிறகு கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வெளுத்த சேலை கட்டிக்கொண்டு போனேன், முட்டாள்.

"உன் நெலத்து மண்ணு பொய் சொல்லிருச்சே, பேச்சித்தாயி" என்றார் அண்ணாச்சி. "அத நம்பித்தான் ஊரே மோசம் போச்சு. ஆத்தாளுக்கு ஒரு கெடா வெட்டி நீ தப்புக் கேட்டுக்கிட்டா ஊருக்கு நல்லது."

நான் கூட்டத்தில் ஆவுடையைத் தேடினேன். தூணுக்குப் பின்னால் நின்றாள். ஒரு வார்த்தை, முதல் பெட்டி நான்தான் எடுத்தேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் தரையைப் பார்த்தாள். மண் போனபோது வயிறுதான் எரிந்தது. அன்றைக்குத்தான் என் மனசு செத்தது.

"பொய் சொன்னது மண்ணில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

சித்திரையில் கண்மாய் வற்றியது. வற்றிய தரை முழுக்க, விதைக்காமல், உழாமல், மல்லி கிளம்பியது. வெள்ளையாகப் பூத்து, ஆடு மாடெல்லாம் வாசத்தில் மயங்கி நிற்க, இடையிடையே கண்ணாடித் துண்டுகள் வெயிலில் மினுங்க, என் நிலம் அங்கே படுத்திருந்தது. ஊர் அதையும் சாதாரணமாக எடுத்துக்கொண்டது. கண்மாய் பொது, ஆகவே மல்லியும் பொது என்று தலைக்கட்டுக்கு ஒரு பங்கு பிரித்தார்கள். எனக்கும் ஒரு பங்கு வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள், அதை மாடு தின்னட்டும் என்று விட்டுவிட்டேன்.

அறுப்பு முடிந்த மறுநாள் கடகப்பெட்டியும் மம்பட்டியுமாகக் கண்மாயில் இறங்கினேன். இரண்டு பெட்டிகூட அள்ளவில்லை, கரையில் அண்ணாச்சி நின்றார்.

"தாயி, கம்மா மண்ணு அள்ள பெர்மிசன் வேணும். சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நின்ற இடத்தில் அப்படியே சிரித்தேன், அண்ணாச்சி பயந்து இரண்டடி பின்னால் போனார். என் நிலத்தில் அள்ள யாருக்கும் எந்தத் தாளும் தேவைப்படவில்லை, என் மண்ணை நான் அள்ள அரசாங்க முத்திரை வேண்டும். ஷர்மிளா மேடம்தான் எழுதிக்கொடுத்து, என்னோடு இரண்டு ஆபீஸ் ஏறி இறங்கினார். முப்பது லோடு வண்டல் எடுக்கலாம் என்ற தாள் என் கைக்கு வந்தது ஐப்பசி பதினெட்டாம் தேதி. அன்றைக்குக் கண்மாய் நிரம்பி மறுகால் போய்க்கொண்டிருந்தது.

தண்ணீருக்கடியில் கிடந்தும் மண் சும்மா இருக்கவில்லை. கண்மாய்த் தண்ணீர் மணத்தது. அதில் வைத்த ரசத்துக்கு மல்லி போடத் தேவையில்லை, குளித்துவிட்டு வரும் பிள்ளைகள்மேல் மல்லி வாசம், ஒரு மாதத்தில் ஊர் கடையில் மல்லி வாங்குவதையே விட்டுவிட்டது. "நம்ம கம்மாத் தண்ணி மாதிரி எங்க கெடைக்கும்" என்று சம்பந்தி வீட்டாரிடம் பெருமை பேசினார்கள். என் நிலத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டார்கள். நான் மட்டும் அடிபம்பில் தண்ணீர் அடித்துச் சமைத்தேன்.

ஒருநாள் கண்மாயில் துணி துவைக்கும்போது காலால் அடியைக் கலக்கிவிட்டேன், தண்ணீர் கறுப்பும் சிவப்புமாகக் குழம்பி மேலே வந்தது. அப்போதுதான் புத்தியில் பட்டது. மண்ணெடுக்கத்தான் அனுமதி வேண்டும். தண்ணீர் எடுக்க இந்த ஊரில் யாரும் யாரையும் தடுத்ததில்லை. மறுநாளிலிருந்து காலையில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, காலால் நன்றாகக் கலக்கி, கலங்கலைக் குடத்தில் மொண்டு, சுமந்துபோய் என் கல்லின்மேல் ஊற்றினேன். முதலில் மூன்று வரப்பு வெட்டையும் கல்லடுக்கி அடைத்துவிட்டேன். தண்ணீர் வற்றினால் தரையில் ஒரு பூச்சு மண் தங்கும். நாளைக்குப் பன்னிரண்டு குடம். அண்ணாச்சி கரையில் நின்று பார்த்தார், தண்ணீருக்கு என்ன சட்டம் என்று அவருக்குத் தெரியவில்லை.

கார்த்திகை கடைசியில் ஒரு காலை, குடத்தை ஊற்றிவிட்டு நிமிர்ந்தால் வரப்புக்கு அந்தப் பக்கம் ஆவுடை நிற்கிறாள். இடுப்பில் குடம், சேலை மார்வரை நனைந்து, அடி கலங்கிய தண்ணீர் விளிம்பில் தளும்புகிறது. கெண்டைக்காலில் கண்ணாடி கீறிய ரத்தம். ஏழு வயதிலிருந்து பேசியதெல்லாம் எங்களுக்கு நடுவில் நின்றது. அவள் ஒரு காலைத் தூக்கி வரப்பின்மேல் வைத்தாள்.

"ஊத்து" என்றேன். "ஊத்துறத வேண்டாம்னு சொல்லல. ஆனா வரப்பத் தாண்டி உள்ள வராத."

தூக்கிய காலை இறக்கிக்கொண்டாள். வெளியே நின்றபடியே குனிந்து, கை நீட்டி, குடத்தைச் சரித்தாள். தண்ணீர் வரப்பைத் தாண்டி என் நிலத்தில் விழுந்து, கல்லில் பரவி, மெல்லத் தெளிந்தது. அடியில் ஒரு பச்சைக் கண்ணாடித் துண்டு கிடந்தது. ஆவுடை வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த நடைக்குக் கண்மாய்க்குப் போனாள்.